கிணத்துமேட்டு ஆயில் எஞ்சின்: சரி பண்றதா, எடைக்குப் போடறதா?



போன மாசம் பழைய இரும்பு வாங்கறவர் ஒருத்தர் நம்ம தோட்டத்துக்கு வந்தார். கிணத்துமேட்டுக் கொட்டாய்க்குள்ள கிடக்கற ஆயில் எஞ்சினைப் பார்த்துட்டு எடைக்கு ஒரு விலை சொன்னார். "குடுத்துருங்கப்பா, பாம்பு அடையுது"ன்னான் பையன். எனக்கு மனசு வரலை. நாள் கேட்டு அனுப்பிட்டு, லேத் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் என்ன சொன்னார்ங்கறதுக்கு முன்னாடி, இந்த எஞ்சின் வந்த கதையைச் சொல்லிடறேன்.

எங்க அப்பாரு, அதாவது தாத்தா, கவலை ஓட்டினவர். கிணத்துல சாலை இறக்கி, வடத்தை மாட்டுல பூட்டி, சரிவுல ஓட்டித் தண்ணி இறைக்கறது. விடியக்காலம் நாலு மணிக்கே பூட்டினாலும் ஒரு ஜோடி மாட்டுக்குக் கால் ஏக்கர், மிஞ்சினா அரை ஏக்கர்தான் பாயும்.

கிணத்துத் தண்ணியை எஞ்சின் வச்சு எடுக்கலாம்னு சென்னை மாகாணத்துல முனைஞ்சு சொன்னவர் ஆல்பிரட் சாட்டர்டன்ங்கற வெள்ளைக்கார இன்ஜினியர். சென்னை இன்ஜினியரிங் காலேஜ்ல வாத்தியாரா இருந்தவர். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்க கொண்டுவந்தவரும் அவர்தான். 1900-களின் தொடக்கத்துலயே ஆயில் எஞ்சின் பம்பை விவசாயிங்க கிட்டக் கொண்டுபோனார். ஆனா அந்தக் கால எஞ்சின் பலதும் விளக்கு வச்சுத் தலையைச் சூடு பண்ணினாத்தான் கிளம்பும். சின்ன விவசாயிக்குக் கட்டுபடியாகாத சமாச்சாரம்.

1929-ல இங்கிலாந்துல லிஸ்டர் கம்பெனி ஒரு டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தாங்க. அஞ்சு குதிரை சக்தி, நிமிஷத்துக்கு 600 சுத்து. சூடு பண்ண வேண்டாம். வால்வைத் தூக்கி வச்சுட்டு ஹேண்டிலைச் சுத்தி, வேகம் வந்ததும் வால்வை விட்டா டுக்... டுக்னு பிடிச்சுக்கும். மெதுவா ஓடறதால தேய்மானம் கம்மி. நம்ம நாட்டுல 1946-ல பூனாவுல கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் கம்பெனி வந்துச்சு. லிஸ்டர் மாதிரியை அப்படியே பார்த்து ராஜ்கோட் பட்டறைகள்லயும் அடிச்சாங்க. ஒரே அச்சுல பல பேர் செஞ்சதால ரிங், நாசில் எல்லாம் டவுன் கடையில சுலபமா கிடைக்கும். ஊருக்கு ஒரு மெக்கானிக்கும் இருப்பார். அதனால யாரும் எஞ்சினை மாத்தறதைப் பத்தி யோசிக்கவே இல்லை, ரிப்பேர்தான்.

1969-ல எங்கய்யன் ஒரு ஜோடி மாட்டை வித்து, மேல கடனும் வாங்கி இதை வாங்கினார். அப்பவே கோயமுத்தூர்ப் பக்கம் கரண்ட் இருந்துச்சுங்க. பைக்காரா மின் நிலையம் 1932-லயே வந்தாச்சு, 1937-ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மோட்டாரே செஞ்சாச்சு. ஆனா எங்க தோட்டத்துக்குக் கம்பம் வரலை. கரண்ட் இருந்தவங்களுக்கும் நிம்மதி இல்லை. கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல நடந்த போராட்டத்துல பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூட்டுல விவசாயிங்க இறந்தாங்க. 1972-ல நாராயணசாமி நாயுடு தலைமையில கோயமுத்தூரையே மாட்டு வண்டியால அடைச்சாங்க. "நம்ம எஞ்சினே மேல்"னு அய்யன் சொல்லிட்டிருந்தார். அடுத்த வருஷம் அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏத்தினதும் அந்தப் பேச்சை விட்டுட்டார்.

எஞ்சினுக்கு உண்மையான வினை தேய்மானத்தால வரலை, தண்ணியால வந்துச்சு. டவுன்ல இருக்கறவங்களுக்கு இதை விளக்கணும். மேல உட்கார்ந்திருக்கற பம்பு தண்ணியை உறிஞ்சறது, நாம இளநீர்ல குழாய் போட்டு உறிஞ்சற மாதிரிதான். வெளிக்காத்து அழுத்தறதாலதான் தண்ணி மேல ஏறுது. கணக்குப்படி 33, 34 அடி வரைக்கும் ஏறலாம், நடைமுறையில 25 அடி தாண்டினாலே திணறும். எவ்வளவு பெரிய எஞ்சின் போட்டாலும் இது மாறாது.

எங்க கிணத்துல தண்ணி கீழ போகப் போக, அய்யன் கிணத்துக்குள்ள மேடை கட்டி எஞ்சினையே கீழ இறக்கினார். சங்கிலி கட்டி எட்டு ஆள் பிடிச்சு இறக்கினாங்க, நான் அப்ப அஞ்சாவது படிக்கிறேன். புகை வெளிய போகக் குழாய் வச்சும் உள்ள தேங்கும். ஒரு நாள் டீசல் ஊத்தப் போன அய்யன் தலை சுத்திப் படியிலேயே உட்கார்ந்துட்டார். அம்மா சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டுத் தூக்கினாங்க. மறுவாரம் எஞ்சின் மேல ஏறிடுச்சு.

1990-ல எல்லா விவசாயிக்கும் இலவச கரண்ட் வந்துச்சு. எங்களுக்குக் கனெக்‌ஷன் கிடைச்சு மோட்டார் போட்டோம், அப்புறம் போர் போட்டு சப்மர்சிபிள். அந்தச் சமயத்துல எங்க ஊர்ல நல்லா ஓடின எஞ்சின்களே எடைக்குப் போச்சு. ஓடற பொருளை விக்கறமேன்னு ஒருத்தரும் வருத்தப்படலை, டீசல் காசு மிச்சம்னு சந்தோஷம்தான். இலவசமா வந்த கரண்ட்ல தண்ணியை இன்னும் கீழ தள்ளினதும் நாங்கதான். அதையும் சொல்லணும்.

இப்ப லேத் பட்டறைக்காரர் கதைக்கு வர்றேன். அரை நாள் பிரிச்சுப் பார்த்தார். நாசில் மாத்தணும், ரிங் செட் போடணும், வால்வு கிரைண்டிங் பண்ணணும், தண்ணி டேங்க் துரு. கிராங்க் நல்லா இருக்கு. ஆகற செலவு புது சின்ன எஞ்சின் விலையில பாதிகூட இல்லை. "எஞ்சினுக்கு ஒண்ணும் குறை இல்லைங்க, உங்க கிணத்துல தண்ணி எங்க?"ன்னார். போன கோடையில டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு பதினோரு நாள் வாழை வாடினதை மனசுல வச்சு, இதுல ஜெனரேட்டர் கோத்து சப்மர்சிபிளை ஓட்டலாமான்னு கேட்டேன். ஏழரை எச்.பி. மோட்டார் கிளம்பும்போது இழுக்கற இழுப்புக்கு இது தாங்காதுன்னுட்டார்.

பங்காளி ஒருத்தர் காவிரிக் கரைப் பக்கம் ரெண்டு ஏக்கர் வச்சிருக்கார். அவர் கிணத்துல தண்ணி 18 அடியில கிடக்குது. கரண்டுக்கு எழுதிக் குடுத்துட்டுக் காத்திருக்கார். போன் பண்ணினேன். ரிப்பேர் செலவு அவருது, எஞ்சின் என்னுதுன்னு பேச்சு. கரண்ட் வந்ததும் திருப்பித் தந்துடறேன்னார். பையன் சிரிச்சான், "மறுபடி கொட்டாய்க்கே வருமா?"ன்னு.

வெள்ளிக்கிழமை டெம்போவுல ஏத்தினோம், ஆறு பேர் தேவைப்பட்டுச்சு. ஹேண்டில் மட்டும் இன்னும் கிடைக்கலை. அம்மா அதை எங்கயோ கதவுக்கு முட்டுக் குடுத்த ஞாபகம்ங்கறாங்க, தேடிட்டிருக்கோம்.