ஒன்வே கேபிள்: உங்க மானிட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல ஒரு 25 வருஷச் சண்டை

இந்த எபிசோடு ஒரு கறுப்புத் திரையிலிருந்து ஆரம்பிக்குது. மார்த்தாண்டத்துல வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்னு முடிவு பண்ணி, ஆபீஸ்காரங்க கழிச்ச பழைய மானிட்டர் ஒண்ண வாங்கிட்டு வந்தேன். அதுல ரெண்டே ரெண்டு வாய். ஒண்ணு நீல கலர் விஜிஏ, இன்னொண்ணு டிஸ்ப்ளேபோர்ட். என் லேப்டாப்ல ஹெச்டிஎம்ஐ. மேம்பாலத்துக்குக் கீழ ஒரு கடையில ஒரு முனை ஹெச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட்னு கேபிள் கிடைச்சுது. 600 ரூபாய். ரெண்டு பக்கமும் கச்சிதமா உட்கார்ந்துச்சு. திரையில 'நோ சிக்னல்'.

மறுநாள் திரும்பப் போனா, கடைக்கார அண்ணன் சிரிச்சுட்டார். "மக்கா, அது ஒன்வே ரோடு கேட்டியா? டிஸ்ப்ளேபோர்ட்லேருந்து ஹெச்டிஎம்ஐக்குப் போவும். திரும்பி வராது."

ஒரு வயர்ல எப்படி ஒன்வே இருக்க முடியும்? தண்ணிக் குழாய்னா கூட ரெண்டு பக்கமும் ஓடுமே! இதுக்குப் பதில் தேடினா, அது கம்பெனிகளோட வரலாறா விரியுது.

விஜிஏ 1987-ல ஐபிஎம்மோட பிஎஸ்/2 கம்ப்யூட்டரோட வந்தது. 15 பின், ரெண்டு பக்கமும் திருகாணி. நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல பார்த்த அந்த நீல நிறம் பிறகு வந்தது. எந்த வயர் எங்கேன்னு மக்கள் குழம்பக் கூடாதுன்னு மைக்ரோசாப்டும் இன்டெலும் வெளியிட்ட 'பிசி 99' வழிகாட்டியிலதான் நிறங்களை ஒதுக்கினாங்க. விஜிஏ அனலாக். பழைய குண்டு மானிட்டருக்குள்ள எலக்ட்ரான் கற்றை ஓடும்; அதை எவ்வளவு பிரகாசமா அடிக்கணும்னு மின்னழுத்தமாவே அனுப்பினாப் போதும். தட்டைத் திரை வந்ததும் கூத்து ஆரம்பிச்சது. கம்ப்யூட்டருக்குள்ள படம் டிஜிட்டல், எல்சிடி திரையும் டிஜிட்டல், நடுவுல ஒன்றரை மீட்டர் வயருக்காக அனலாகா மாத்தி, திரும்ப டிஜிட்டலா மாத்தணும். ரெண்டு தமிழர்கள் இங்கிலீஷ்ல பேசிக்கிற மாதிரிதான்.

அதைச் சரிபண்ண இன்டெல், காம்பாக், ஃபுஜிட்சு, ஹெச்பி, ஐபிஎம், என்இசி, சிலிகான் இமேஜ் எல்லாம் கூடி 1999 ஏப்ரல்ல டிவிஐ கொண்டு வந்தாங்க. இதோட உயிர் டிஎம்டிஎஸ்னு சிலிகான் இமேஜ் உருவாக்கின முறை. ஒரே தகவலை முறுக்கின ரெண்டு கம்பியில எதிரெதிர் சிக்னலா அனுப்புவாங்க. வெளியிலிருந்து வர்ற இரைச்சல் ரெண்டையும் ஒரே மாதிரி பாதிக்கும், மறுமுனையில வித்தியாசத்தை மட்டும் எடுத்தா இரைச்சல் அடிபட்டுப் போயிடும். எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை இது. ஆனா டிவிஐ முனை பெருசு, சத்தமும் அதுல போகாது.

டிவி கம்பெனிகளுக்கு அது போதல. 2002 டிசம்பர்ல ஹிட்டாச்சி, மட்சுஷிடா, பிலிப்ஸ், சோனி, தாம்சன், டோஷிபா, கூடவே அதே சிலிகான் இமேஜ் சேர்ந்து ஹெச்டிஎம்ஐ 1.0 வெளியிட்டாங்க. உள்ளே அதே டிஎம்டிஎஸ். அதுமேல சத்தமும், திருட்டு நகலைத் தடுக்கிற பூட்டும். அதனாலதான் டிவிஐக்கும் ஹெச்டிஎம்ஐக்கும் சும்மா வடிவத்தை மாத்துற அடாப்டரே போதும். ஒரே ரத்தம்.

ஆனா இந்த வீட்டுக்குள்ள நுழையக் கட்டணம் உண்டு. பெரிய அளவுல தயாரிக்கிற கம்பெனி வருஷத்துக்கு 10,000 டாலர் கட்டணும், அதுபோக ஒவ்வொரு சாதனத்துக்கும் 4-லிருந்து 15 சென்ட் வரை ராயல்டி. கம்ப்யூட்டர்காரங்க வேற வழி தேடினாங்க. வெசாங்கிற தர அமைப்பு 2006 மே மாசம் டிஸ்ப்ளேபோர்ட்டை வெளியிட்டது. வெசாவுக்குச் சாதனக் கணக்குல ராயல்டி கிடையாது. வேலை செய்யுற முறையே வேற: இன்டர்நெட் மாதிரி படத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி அனுப்பும்.

இப்போ ஒன்வே புரியும். புதுசா வந்தவன் பழையவனை அனுசரிச்சுதானே ஆகணும்? அதனால பல கம்ப்யூட்டர்கள்ல இருக்கிற டிஸ்ப்ளேபோர்ட், எதிர்ல ஹெச்டிஎம்ஐ இருக்குன்னு தெரிஞ்சா பொட்டலத்தை விட்டுட்டு டிஎம்டிஎஸ் மொழியில பேசும். அடாப்டர் மின்னழுத்த அளவை மட்டும் சரிபண்ணும். ஹெச்டிஎம்ஐக்கோ டிஸ்ப்ளேபோர்ட்டோட பொட்டல மொழி தெரியாது. அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வர, நடுவுல சிப் வெச்ச, தனியா பவர் கேக்குற கன்வெர்ட்டர் வேணும். என் 600 ரூபாய் கேபிள் கெட்டுப்போனது இல்ல. நான் தலைகீழா மாட்டிட்டேன், அவ்வளவுதான்.

சண்டை முடிஞ்சதான்னா, இல்ல. 2024 பிப்ரவரியில ஏஎம்டி தன்னோட லினக்ஸ் டிரைவர்ல ஹெச்டிஎம்ஐ 2.1-ஐ ஓப்பன் சோர்ஸா சேர்க்கக் கேட்டப்போ, ஹெச்டிஎம்ஐ ஃபோரம் மறுத்துடுச்சு. ஹார்டுவேர்ல இருக்கிற வசதியை, காசு கொடுத்து வாங்கினவரே முழுசாப் பயன்படுத்த முடியல. எனக்கு இது அநியாயமாத்தான் படுது.

கடையில இன்னொரு குழப்பமும் இருக்கு. பெட்டிமேல '2.1 கேபிள்'னு பெருசா போட்டிருப்பாங்க. ஹெச்டிஎம்ஐ கேபிளுக்கு முறையா வேகப் பெயர்தான் உண்டு: 10.2 ஜிகாபிட் வரை ஹை ஸ்பீடு, 18 வரை பிரீமியம் ஹை ஸ்பீடு, 48 வரை அல்ட்ரா ஹை ஸ்பீடு. 4கே திரையை நொடிக்கு 60 முறை நிரப்பவே சுமார் 12 ஜிகாபிட் வேணும். அப்போ வெறும் ஹை ஸ்பீடு கேபிளை நம்ப முடியாது. லேப்டாப்போட வாய் பழைய 1.4-ஆ இருந்தா, என்ன விலை கேபிள் போட்டாலும் 4கே 30-லதான் நிக்கும், மவுஸ் இழுத்து இழுத்து நகரும். சாதாரண ஃபுல் ஹெச்டி மானிட்டர்னா இந்தக் கவலையே வேண்டாம். சுமாரான ஹை ஸ்பீடு கேபிள் தாராளம், தங்க முலாம்லாம் படத்தை மாத்தாது.

என் கதைக்கு வர்றேன். அண்ணன் லேப்டாப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். டைப்-சி வாய் பக்கத்துல பொடியா ஒரு 'டிபி' சின்னம் இருந்தது. அந்தச் சின்னம் இருந்தா, அந்த வாய் வழியா டிஸ்ப்ளேபோர்ட்டே நேரா வெளிய வரும். 2014-லேயே அந்த ஏற்பாடு அறிவிச்சாச்சு. எல்லா டைப்-சி வாயும் அப்படி இல்ல, சிலது சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்தான். டைப்-சி டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒண்ணு எடுத்துக் கடையிலேயே அவரோட மானிட்டர்ல மாட்டிக் காட்டினார். படம் வந்துச்சு. பழைய கேபிளைத் திருப்பி எடுத்துக்கிட்டு, மீதிக் காசை மட்டும் வாங்கிக்கிட்டார்.