ஒரு நாள் பயிற்சியும் மூன்று மெழுகுவர்த்தியும்

போன மாதம் ஒரு சாயங்காலம் என் மருமகள் ஆசிரியர் பயிற்சி முடிந்து ஆனையூர் வீட்டுக்குத் திரும்பினாள். அரசு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் எடுப்பவள். கையில் ஒரு ஃபைல், ஒரு பேனா.

"என்னம்மா சொல்லிக் குடுத்தாங்க?" என்றேன்.

"ஸ்டெம்மாம், மாமா. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நாலையும் சேர்த்து நடத்தணுமாம். எப்படிச் சேர்க்குறதுன்னு கேட்டா, ஸ்லைடுல இருக்குன்னாங்க. மத்தியானச் சாப்பாடு நல்லா இருந்துச்சு."

சிரித்துவிட்டேன். அன்று இரவு படுத்த பிறகுதான் உறுத்தியது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் ப்ரெவே வரை படித்தவன். அப்பா தவறியபின் மதுரையில் தாய்மாமன் வீட்டுக்கு வந்து, தனித்தேர்வு எழுதி, அரசு வேலையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். பல வருஷம் என் மேஜைக்கு வந்தவை ஆசிரியர் பயிற்சிகளின் பயணப்படிப் பட்டியல்கள். எத்தனை பேர், எத்தனை நாள், பஸ் கட்டணம் எவ்வளவு, தினப்படி எவ்வளவு. நாள் கூடுதலாக இருந்தால் "இத்தனை நாள் தேவையா?" என்று சிவப்பு மையில் குறிப்பெழுதித் திருப்பியிருக்கிறேன். அரசுப் பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைப்பு. அந்த நாட்களில் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்று ஒருதடவைகூடக் கேட்டதில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான் அதைப் பற்றிப் படிக்க நேரம் கிடைத்தது. படித்ததில் சிலவற்றைச் சொல்கிறேன்.

பாடங்களைச் சேர்த்து நடத்துவது புதிய சங்கதி இல்லை. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டில் ஆதாரக் கல்வி பிறந்தது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கையும் அறிவியலையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் பக்கத்தில் திண்டுக்கல் அருகே டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் இந்தக் கல்விக்குப் பேர்போனது.

பள்ளியில் தக்ளி சுற்றிய ஞாபகம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்த நூலில் எவ்வளவு பாடம் இருக்கிறது பாருங்கள். 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் தேறுகிறதோ அதுதான் நூலின் நம்பர். 40ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். மதுரையில் மில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இது கணக்கு. காற்று உலர்ந்தால் நூல் ஏன் அறுகிறது, மில்லுக்குள் ஏன் ஈரப்பதம் வைக்கிறார்கள் என்பது அறிவியல். தக்ளியின் கீழே கனமான வட்டு எதற்கு என்பது பொறியியல்.

ஆனால் எங்கள் தலைமுறையில் பலருக்கு வாய்த்தது என்ன? கைத்தொழில் பீரியடில் நூல் நூற்றோம். அடுத்த பீரியடில் அதே வாத்தியார் போர்டில் வேறெதையோ கணக்காகப் போட்டார். இரண்டையும் இணைக்க அவருக்கு யாரும் காட்டித் தரவில்லை. அவரும் போர்டைப் பார்த்துப் படித்தவர்தானே.

1957இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்டதும் அமெரிக்கா பதறிப்போய் அறிவியல் பாடங்களைத் திருத்தியது. அந்த அலை இங்கேயும் வந்தது. 1963இல் அமெரிக்க உதவியுடன் நம் நாட்டில் ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சிகள் தொடங்கின. வாரக்கணக்கில் நடந்த பயிற்சிகள்தான். ஆனால் இயற்பியல் தனி, வேதியியல் தனி, கணக்கு தனி.

நான் படித்தவற்றில் மனசில் நின்றது ஹோஷங்காபாத். மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரை மாவட்டம், இப்போது நர்மதாபுரம் என்று பெயர். 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியா ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் அரசு அனுமதியோடு 16 நடுநிலைப்பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டத்தைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டம் முழுவதற்கும் போனது. 1982இல் பிறந்த ஏகலவ்யா என்ற அமைப்பு பிறகு அதை ஏற்று நடத்தியது.

அங்கே ஆசிரியர்களைத் தயார் செய்த விதம்தான் முக்கியம். கோடையில் ஏறக்குறைய மூன்று வாரம். ஒரு வருஷம் ஆறாம் வகுப்புப் பாடம், அடுத்த வருஷம் ஏழு, அதற்கடுத்து எட்டு. பிள்ளைகள் செய்ய வேண்டிய ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து தாங்களே செய்தார்கள். அவர்களில் பலர் அறிவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். டில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து அவர்களோடு விவாதித்தார்கள். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசிக்குப் பதில் கருவேல முள். நாணயத்தைச் சுண்டிச் சுண்டிக் குறித்து வைத்து நிகழ்தகவு படித்தார்கள். பாடப்புத்தகத்தில் விடை கிடையாது. பள்ளி திறந்த பிறகு மாதந்தோறும் கூட்டம். எது நடந்தது, எங்கே சிக்கியது என்று அங்கே பேசினார்கள். தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், சோதனையும் செய்து காட்ட வேண்டும்.

தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவங்கள் செய்து காட்டும் அர்விந்த் குப்தாவைச் சிலர் அறிந்திருப்பீர்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இன்ஜினீயர். அவர் 1978இல் போய்ச் சேர்ந்தது இந்தத் திட்டத்தில்தான்.

முப்பது வருஷம் நடந்த அதை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. படித்தபோது என் சிவப்பு மை ஞாபகம் வந்தது. மூன்று வாரம், மூன்று வருஷம், மாதக் கூட்டம் என்று ஒரு பட்டியல் என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

பிரான்சில் 1996இல் இதைப் போன்ற ஒன்று தொடங்கியது. 1992இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய ஜார்ஜ் ஷர்பாக், அமெரிக்க விஞ்ஞானி லியோன் லேடர்மேன் சிகாகோ பள்ளிகளில் செய்த வேலையைப் பார்த்துவிட்டு, அறிவியல் கழகத்தின் துணையோடு ஆரம்பித்தது. பெயர் 'லா மேன் அ லா பாத்', அதாவது மாவில் கை. பக்கத்தில் நின்று பார்த்தால் வராது, நீயும் கை வைத்துப் பிசை என்பது பொருள்.

எங்கள் காரைக்கால் பள்ளியிலும் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைக் கொண்டு வந்து காட்டி நடத்துவது. முசே ஒருநாள் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடிக் குவளையால் மூடினார். சுடர் அணைந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது. ஆக்சிஜன் எரிந்து தீர்ந்த இடத்தை நீர் நிரப்பியது என்றார். நாங்கள் கைகட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டோம். அறுபது வருஷம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதையை மருமகளிடம் சொன்னேன். "செஞ்சு பாப்போமா மாமா?" என்று சாப்பாட்டு மேஜையில் தட்டை வைத்துவிட்டாள். ஒரு மெழுகுவர்த்தியில் தண்ணீர் ஏறிய உயரத்தைப் பேனாவால் குவளையில் குறித்தோம். பேரன் சும்மா இல்லாமல், "மூணு வெச்சா?" என்றான். மூன்று வைத்தோம். தண்ணீர் முதல் கோட்டைத் தாண்டி ஏறியது.

குவளை அதேதான். உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதே அளவுதான். பிறகு ஏன் கூடுதலாக ஏறுகிறது? மறுபடி செய்தபோது மருமகள்தான் கவனித்தாள். மூடும் நேரத்தில் குவளையின் விளிம்பில் குமிழி வெளியேறுகிறது. சூட்டில் காற்று விரிந்து வெளியே போகிறது. சுடர் அணைந்து உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்கும்போது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஏறியதில் பெரும்பகுதி அப்படித்தான். எழுபத்துநாலு வயசில் எனக்கு இது தெரிந்தது. முசே மேல் குறை சொல்ல மாட்டேன். அவரும் யாரோ செய்து காட்டியதைப் பார்த்து வந்தவர்.

நம் மாநிலத்தில் 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. ஆறு முதல் எட்டு வகுப்புவரை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து பார்க்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல காரியம். அப்போது அறிவித்த கணக்கு 13,210 பள்ளிகள், 710 கருத்தாளர்கள். கிளார்க் புத்தி வகுத்துப் பார்த்தது. ஒருவருக்குப் பதினெட்டுப் பள்ளிக்கு மேல். அவர் வந்து போன பிறகு மீதி நாளெல்லாம் வகுப்பில் நிற்பது பள்ளியின் ஆசிரியர்தான். அவர் கை பழகியிருந்தால்தான் அது நிலைக்கும். அதற்கு ஒரு நாள் போதாது.

இன்றைக்கும் ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒரு தம்பி அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தம்பி, நாள் கூடுதலாகத் தெரிந்தால் உடனே சுழித்துவிடாதே. அங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒருதடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுது. நான் போகவில்லை.

மருமகள் இந்த வாரம் வகுப்புக்கு மூன்று மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனாள். காசு என்னிடம்தான் வாங்கினாள். பில் கேட்கவில்லை.