சி.எஸ்.ஆர். நிதியும் ஒப்பந்தத் தொழிலாளியின் உரிமையும்

வடசென்னையில் சாத்தாங்காடு என்றாலே இரும்பு மார்க்கெட்தான். ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைப்பதற்காக சி.எம்.டி.ஏ. அமைத்த சந்தை இது. டிரெய்லரில் வரும் கம்பிகளை இறக்குபவர்களும், மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போகிறவர்களும் சுற்றுவட்டாரத்தில் வசிக்கின்றனர். இவர்களிடம் சி.எஸ்.ஆர். என்று பேச்செடுத்தால் பள்ளிக்குப் பெஞ்சு, மருத்துவ முகாம், குடிநீர்த் தொட்டி என்றுதான் நினைக்கிறார்கள். அதற்கும் தங்கள் கூலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி.

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் (உதாரணமாக, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாய் அல்லது விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய்) முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

பலருக்கும் தெரியாத செய்தி இனிதான் இருக்கிறது. நிறுவனம் தன் ஊழியர்களின் நலனுக்காகச் செய்யும் செலவும், வேறு சட்டங்களின்படி செய்தே ஆக வேண்டிய செலவும் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது. கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., பாதுகாப்புக் கவசம், கழிவறை எதுவும் கொடை அல்ல. கடனை அடைக்காமல் ஸதகா கொடுப்பவரைப் பற்றி நாம் என்ன நினைப்போமோ, அதையே இங்கும் நினைக்கலாம்.

ஒப்பந்தக்காரர் கூலி தராமல் ஏமாற்றினால், அதைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரான ஆலை நிர்வாகத்தைச் சேரும். 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2020-ம் ஆண்டு தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. "எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்புவது சட்டப்படி செல்லாது.

ஆலைக்கு வெளியே இருப்பவர்களின் நிலை என்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. வலையும் படகும் நாசமாயின. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய் என்று தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. மாதக்கணக்கில் மீன் விற்காமல் போனதற்கு இது எந்த அளவுக்கு ஈடாகும்?

அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறலோடு மக்கள் தெருவுக்கு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆலையை நிரந்தரமாக மூடக் கோரி 33 கிராம மக்கள் போராடினார்கள். அவர்கள் கேட்டது சி.எஸ்.ஆர். திட்டம் அல்ல, இரவில் பயமின்றித் தூங்கும் நிலை. சுற்றுச்சூழல் இழப்பீடாக 5.92 கோடி ரூபாய் பரிந்துரைக்கப்பட்டது. அது செய்த சேதத்துக்கான பொறுப்பு. அதையும் சமூக சேவையாகக் காட்ட முடியாது.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் சம்பளச் சீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பி.எஃப். பிடித்தம் செய்கிறார்கள் என்றால் யு.ஏ.என். எண் இருக்க வேண்டும். பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று செல்போனிலேயே பார்த்துவிடலாம். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். இரண்டையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்தால் அது குற்றம். கூலிப் புகார்களைத் தொழிலாளர் துறையிடமும், ஆலைப் பாதுகாப்புக் குறைகளைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும் கொடுக்கலாம்.

நிறுவனங்கள் தங்கள் சி.எஸ்.ஆர். திட்டங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் விதி. நம் பகுதி ஜமாஅத்தில் படித்த இளைஞர்கள் ஒரு நாள் உட்கார்ந்து, மணலி, எண்ணூர் ஆலைகள் எந்த ஊரில் எவ்வளவு செலவிட்டதாகக் காட்டியிருக்கின்றன என்று எடுத்து, அந்தத் தெருவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.