நிகழ்நேர வியூக விளையாட்டுகளில் திறன் வளர்த்தல்: ஒரு வரலாறு

நிகழ்நேர வியூக விளையாட்டு என்பது வளம் சேர்த்தல், கட்டடம் எழுப்புதல், படை திரட்டுதல், போரிடுதல் ஆகிய அனைத்தையும் ஆட்டக்காரர்கள் முறை வைத்துக்கொள்ளாமல் ஒரே நேரத்தில் செய்யும் கணினி விளையாட்டு வகையாகும். இவ்விளையாட்டுகளின் விதிகளைக் கற்பது எளிது. அவற்றில் முன்னேறுவது கடினம். நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடியும் அதே நிலையில் நிற்பதாக உணர்வோர் பலர். இந்தத் தேக்கத்தின் காரணமும் அதைக் கடக்க உருவான முறைகளும் இவ்வகையின் வரலாற்றோடு பிணைந்தவை.

முறையாட்டமும் நிகழ்நேரமும்

சதுரங்கத்திலும் ஆடுபுலி ஆட்டத்திலும் ஒருவர் காயை நகர்த்தும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். உண்மையான போரில் எவரும் காத்திருப்பதில்லை. இந்த வேறுபாட்டுக்கு இன்றைய தென்காசி மாவட்டத்தில் நடந்த பாளையக்காரர் போர்கள் நல்ல சான்று. தென்காசி, குற்றாலம் பகுதிக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் பூலித்தேவரின் கோட்டைகளாக இருந்தன. 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் நெற்கட்டும்செவலுக்கு வந்த படை, போதிய பீரங்கிகளும் உணவுப் பொருள்களும் இல்லாமல் திரும்பியது.

1759ஆம் ஆண்டின் இறுதியில் யூசுப்கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். அவரது படையின் பெரும்பகுதி கோட்டைச் சுவரின் உடைப்பைத் தாக்கிக்கொண்டிருந்த வேளையில், பூலித்தேவர் நெற்கட்டும்செவலிலிருந்து வந்து பின்புறம் இருந்த முகாமைத் தாக்கினார். இரண்டு இடங்களையும் ஒரே நேரத்தில் காக்க முடியாமலும் வெடிமருந்து தீர்ந்ததாலும் யூசுப்கான் பின்வாங்கினார். 1761இல் கூடுதல் தளவாடங்களுடன் மீண்டும் வந்து நீண்ட முற்றுகைக்குப் பிறகே அவர் இக்கோட்டைகளைக் கைப்பற்றினார். தளவாடம், உளவு, நேரம், ஒரே சமயத்தில் இரு முனைகளைக் கவனித்தல் என இப்போர்களில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த கூறுகளே இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் கணினித் திரையில் விளையாட்டாயின.

வகையின் தோற்றம்

1992இல் அமெரிக்காவின் வெஸ்ட்வுட் ஸ்டுடியோஸ் வெளியிட்ட டூன் 2 இவ்வகைக்கு அடிப்படை வடிவம் தந்தது. தொடர்ந்து வார்கிராப்ட் (1994), கமாண்ட் அண்ட் கான்கர் (1995), ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் (1997), ஸ்டார்கிராப்ட் (1998) ஆகியவை வெளிவந்தன. தொடக்கத்தில் பெரும்பாலோர் கணினியை எதிர்த்தே ஆடினர். அதன் நடத்தை விரைவில் பிடிபட்டுவிடும் என்பதால் ஓரளவுக்கு மேல் திறன் தேவைப்படவில்லை. இணையம் வழியாக மனிதரை மனிதர் எதிர்த்து ஆடத் தொடங்கியபோதுதான் முன்னேற வேண்டிய கட்டாயம் பிறந்தது.

தென் கொரியாவும் பயிற்சி முறையும்

1997ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் தென் கொரியாவில் அதிவேக இணையமும் 'பிசி பாங்' எனப்படும் கணினி விளையாட்டு நிலையங்களும் வேகமாகப் பரவின. அங்கு ஸ்டார்கிராப்ட் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் தொழில்முறைப் போட்டியாக வளர்ந்தது. 2000ஆம் ஆண்டில் கொரிய மின்விளையாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் குழுவாகத் தங்கி நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி செய்தனர். அவர்களில் முன்னணியினர் நிமிடத்துக்கு 300க்கும் மேற்பட்ட கட்டளைகளைக் கணினிக்கு இட்டனர்.

பயிற்சி முறையில் இரண்டு மாற்றங்கள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, கட்டுமான வரிசை. எந்தக் கட்டடத்தை எப்போது எழுப்புவது என்பதை முன்கூட்டியே வகுத்து மனப்பாடம் செய்வது இம்முறை. மற்றொன்று, ஆட்டப் பதிவு. 2001இல் வெளியான ஸ்டார்கிராப்டின் 1.08 பதிப்பு, முடிந்த ஆட்டத்தைச் சேமித்து மீண்டும் பார்க்கும் வசதியைத் தந்தது. அதுவரை தோற்றவருக்கு எதிராளி என்ன செய்தார் என்பதே தெரியாது. பதிவைப் பார்த்தபின், இறுதிப் போரில் தோற்றதாக நினைத்தவர் பலருக்குத் தோல்வி ஐந்தாம் நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது புரிந்தது.

கவனம் என்னும் வளம்

இவ்விளையாட்டுகளில் பொன், மரம், உணவு ஆகியவை கண்ணுக்குத் தெரியும் வளங்கள். கண்ணுக்குத் தெரியாத வளம் ஆட்டக்காரரின் கவனம். 1999இல் வெளியான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இதற்கு எளிய எடுத்துக்காட்டு. அதில் நகர மையம் ஒரு குடியானவரை உருவாக்க 25 விநாடிகள் ஆகும். போரைக் கவனித்துக்கொண்டே நகர மையத்தை மொத்தம் 100 விநாடிகள் சும்மா விட்டவர், எதிராளியைவிட நான்கு குடியானவர்கள் குறைவாகப் பெறுவார். அந்த நால்வர் ஆட்டம் முழுதும் சேர்த்திருக்கக்கூடிய வளமும் இழப்பே. சிறு சண்டையில் வென்றும் ஆட்டத்தில் தோற்பது இவ்வாறுதான்.

2022இல் இவ்விளையாட்டுக்கு வெளியான 'டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தில் திராவிடர் என்னும் நாகரிகம் சேர்க்கப்பட்டது. அதன் படையினர் தமிழில் பேசுகின்றனர். இராசேந்திர சோழனின் படையெடுப்புகளைக் கொண்ட தொடரும் அதில் உண்டு. சுருள்வாள் வீரர் இதன் தனிப்படை. பல நாகரிகங்களின் முதுகெலும்பான கனரகக் குதிரைப்படை இதற்குக் கிடையாது. எனவே பிற நாகரிகங்களுக்கு வகுத்த கட்டுமான வரிசையை அப்படியே பின்பற்றினால் தோல்வியே மிஞ்சும். மனப்பாடம் தொடக்கத்துக்கு உதவும். காரணம் புரிந்தால்தான் மாற்றி ஆட முடியும்.

ஆய்வுகள் காட்டுவது

கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 ஸ்டார்கிராப்ட் 2 ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். புதிய சூழலுக்கு எதிர்வினையாற்றும் வேகம் ஏறத்தாழ 24 வயதிலிருந்து குறையத் தொடங்குவதை அவர்கள் கண்டனர். எனினும் மூத்த ஆட்டக்காரர்கள் குறுக்கு விசைகளைத் திறம்படப் பயன்படுத்தியும் எளிய வியூகங்களைத் தேர்ந்தும் அந்தக் குறையை ஈடுசெய்தனர்.

2019இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்பாஸ்டார் என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல், தரவரிசையில் உள்ள ஸ்டார்கிராப்ட் 2 ஆட்டக்காரர்களில் 99.8 விழுக்காட்டினரை விஞ்சியது. அந்த நிரலும் முதலில் மனிதர்களின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்தே கற்றது. பின்னர், அதன் பலவீனங்களைக் கண்டறிந்து தோற்கடிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட வேறு நிரல்களுடன் மீண்டும் மீண்டும் மோதித் தேறியது.

தேக்கம் பற்றிய புரிதல்

இன்றைய இணைய விளையாட்டுகள் ஒவ்வொருவருக்கும் சமமான மதிப்பெண் உடைய எதிராளியையே தேடித் தருகின்றன. ஒருவர் முன்னேறினால் எதிராளியும் வலுவானவராகிறார். ஆகவே மிக உயர்ந்த நிலையினரும் தொடக்கநிலையினரும் தவிர, மற்றவர்கள் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் தோற்றுக்கொண்டே இருப்பர். திறன் வளர்ந்தாலும் தோல்வியின் விகிதம் குறையாது என்பதே தேக்க உணர்வின் முதன்மைக் காரணம்.

இதனால் அனுபவமிக்கோர் வெற்றியை எண்ணுவதில்லை; பழக்கத்தை அளக்கின்றனர். ஒரு வாரம் நகர மையம் சும்மா இருந்த நேரத்தை மட்டும் குறைப்பது, அது தன்னியல்பாக வந்தபின் உளவில் கவனம் செலுத்துவது என ஒவ்வொன்றாகப் பயில்கின்றனர். பழக்கமாகிவிட்ட செயலுக்குக் கவனம் தேவையில்லை. அவ்வாறு மிச்சமாகும் கவனமே அடுத்த திறனைக் கற்க இடம் தருகிறது. சென்ற மாதம் ஆடிய ஆட்டத்தின் பதிவையும் இன்றைய பதிவையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, மதிப்பெண்ணில் தெரியாத வளர்ச்சி அங்கே தெரியும்.