வெண்தலைக் கழுகும் சில்கட் ஆறும்

ஒரு நாடு தன் இலச்சினையிற் பொறித்துப் போற்றிய பறவையைச் சுட்டு வீழ்த்துவோருக்கு அந்நாட்டின் ஆட்சிப் பகுதியொன்று பணமும் வழங்கியது என்பது வியப்புக்குரிய வரலாற்றுச் செய்தியாகும். ஐக்கிய அமெரிக்கா 1782 ஆம் ஆண்டில் வெண்தலைக் கழுகைத் தன் பேரிலச்சினையிற் பொறித்தது. ஆயின், அப்பறவையைக் காப்பதற்கென நாடு தழுவிய தனிச்சட்டம் ஒன்று 1940 ஆம் ஆண்டிலேயே பிறந்தது. சின்னத்துக்குக் கிடைத்த மதிப்பு உயிருக்குக் கிடைக்க 158 ஆண்டுகள் சென்றன. இவ்விடைவெளியின் இயல்பையும் அது குறைந்த வகையையும் அலாஸ்காவின் சில்கட் ஆற்றங்கரையிலே தெளிவாகக் காணலாம்.

சில்கட் ஆறு ஹெயின்ஸ் என்னும் ஊரின் அருகே கடலை அடைகின்றது. மாரியில் அயலிலுள்ள நீர்நிலைகள் உறைந்துபோக, இவ்வாற்றின் ஒரு பகுதி மட்டும் உறைவதில்லை. வண்டற் படிவுகளுள் தேங்கியுள்ள நிலத்தடி நீர், ஆற்று நீரினும் சற்று வெப்பமுடையதாய் அங்கு ஊறி மேலெழுவதே இதற்குக் காரணமாகும். பிந்திய பருவத்தில் முட்டையிட வரும் சமன் மீன்கள் அப்பகுதியை நாடுகின்றன, முட்டையிட்டபின் மடிகின்றன. அவ்விரையை நாடி ஒக்டோபர் முதலாகக் கழுகுகள் கூடுகின்றன. சில ஆண்டுகளில் அவற்றின் தொகை 3,000 வரை உயர்ந்ததுண்டு. இக்கரையிலே தொன்றுதொட்டு வாழும் திலிங்கிற் மக்களின் சமூகம் இரு பெரும் பிரிவுகளாக அமைந்தது. அவற்றுள் ஒன்று கழுகின் பெயரைத் தாங்கியது.

மீன்பிடித் தொழில் பெருகியபோது கழுகு போட்டியாளனாகக் கருதப்பட்டது. சமன் மீனையும், உரோமத்துக்காக வளர்க்கப்பட்ட நரிக்குட்டிகளையும் அது அழிக்கின்றது என்ற முறைப்பாடு எழுந்தது. 1917 ஆம் ஆண்டில் அலாஸ்காவின் சட்டமன்றம் கொல்லப்படும் ஒவ்வொரு கழுகுக்கும் வெகுமதி அறிவித்தது. கொன்றமைக்குச் சான்றாக அதன் கால்களை ஒப்படைத்துப் பணம் பெறலாம். 50 சதமாகத் தொடங்கிய வெகுமதி பின்னர் 2 டொலர் வரை உயர்ந்தது. 1953 இல் இம்முறை முற்றாக ஒழியுமுன் 128,000 இற்கு மேற்பட்ட கழுகுகளுக்குப் பணம் வழங்கப்பட்டிருந்தது. 1940 ஆம் ஆண்டுச் சட்டங்கூட அலாஸ்காவுக்கு விலக்களித்தது. 1959 இலேயே அவ்விலக்கு நீங்கியது. கழுகு பெரும்பாலும் இறந்த மீனையும் இறக்கும் மீனையுமே உண்கின்றது என்பதைப் பொறுமையாய் நோக்கியிருப்பின் அறிந்திருக்கலாம். நோக்குதற்கு முன்னரே தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது.

அலாஸ்காவிலே துப்பாக்கி ஒலித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், நாட்டின் கிழக்குப் பகுதியில் வேறொரு முறை உருவாகியது. 1920 களில் ஈரி ஏரிக்கரையிலிருந்த கழுகுக்கூடு ஒன்றின் அருகே பிரான்சிஸ் ஹெரிக் என்னும் விலங்கியலறிஞர் உருக்குக் கோபுரம் அமைத்து, அதன் உச்சியில் மறைந்திருந்து கழுகின் குடும்ப வாழ்வைப் புகைப்படமெடுத்தார். இரை கொணர்தல், குஞ்சுக்கு ஊட்டல் முதலியன ஊகநிலை நீங்கிச் சான்றாயின. சார்ள்ஸ் புரோலி என்னும் ஓய்வுபெற்ற வங்கியாளர் 1939 முதற் புளோரிடாக் கரையிலே கூடுகள்தோறும் ஏறிக் குஞ்சுகளின் காலில் வளையமிட்டார். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1,000 குஞ்சுகளுக்கு வளையமிட்ட அவர், 1958 இல் 100 மைலுக்கு மேற்பட்ட கடற்கரையைத் தேடியபின் ஒரேயொரு குஞ்சையே கண்டார். ஆண்டுதோறும் அதே கரையைப் பார்த்தவர் என்பதனாலேயே இவ்வீழ்ச்சியின் அளவை அவரால் உணர முடிந்தது. றேச்சல் கார்சன் 1962 இல் வெளியிட்ட நூலில் இச்செய்தி இடம்பெற்றது. டி.டி.ரி. நஞ்சு முட்டையோட்டை மெலியச் செய்கின்றது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 1972 இல் அதன் பொதுப் பயன்பாடு அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது.

அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான மாநிலங்களில் 1963 இல் 417 ஆகக் குறைந்திருந்த கூடுகட்டும் சோடிகள், 2007 இல் 9,700 இற்கு மேற்பட்டன. அவ்வாண்டிலேயே அழிவுறும் இனங்களின் பட்டியலிலிருந்து இக்கழுகு நீக்கப்பட்டது. சில்கட் கரையில் 1982 இல் ஏறத்தாழ 48,000 ஏக்கர் நிலம் கழுகுகளுக்கெனக் காப்பிடமாக்கப்பட்டது. இன்று மாரிதோறும் புகைப்படக் கருவிகளுடன் மக்கள் அங்கு வருகின்றனர்.

எனினும், பார்வையும் முற்றும் தீங்கற்றதன்று. கடுங்குளிரில் ஒரு கழுகு அஞ்சிப் பறக்குந்தோறும் அதன் உடல் வலு வீணாகின்றது. ஆதலின், ஆற்றுமணலில் இறங்காது தெருவோரத்திலேயே நிற்குமாறு பார்வையாளர் வேண்டப்படுகின்றனர்.

நாட்டின் தேசியப் பறவை என்னும் பட்டம் 2024 ஆம் ஆண்டிலேதான் வெண்தலைக் கழுகுக்குச் சட்டப்படி வழங்கப்பட்டது. ஆயின், அதனை வாழவைத்தவை இலச்சினையும் பட்டமும் அல்ல. ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து கண்டோர் தந்த சான்றும், அச்சான்றை ஏற்றுத் தன் முந்திய தீர்ப்பைத் திருத்திக்கொள்ள ஒரு சமூகம் காட்டிய இசைவுமேயாகும்.