கூண்டுக் கிளியின் வரலாறு

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல் வட்டைகள். கதிர் முற்றும் காலத்தில் அவ்வட்டைகளின் மேல் பச்சைக் கிளிகள் கூட்டங் கூட்டமாகக் கூவிக்கொண்டு இறங்குவதை இப்பகுதியினர் நன்கறிவர். காவல் இருப்பவனுக்கு அக்கிளி பகை. அதே கிளி வீட்டு விறாந்தையிலே கூண்டொன்றில் அமர்ந்து விட்டாலோ, அது குழந்தைகளின் செல்வம்.

வாப்பாவின் கையைப் பற்றிக்கொண்டு, "நமக்கும் ஒரு கிளி வாங்கினால் என்ன?" என்று பிள்ளை கேட்காத வீடு இப்பகுதியில் அரிது. வாங்கலாமா, கூடாதா என்று முடிவு செய்யும் முன்னர், கிளிக்கும் மனிதனுக்கும் உள்ள உறவின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்பது நலமாகும்.

தமிழிலே கிளியின் முதற் கதை விரட்டலின் கதையே. குறிஞ்சி நிலத்து மகளிர் தினைப்புனத்திற் பரண் மீதிருந்து, தட்டையும் குளிரும் ஒலித்துக் கிளிகளை ஓட்டினர் என்று சங்கப் புலவர்கள் பாடினர். பின்னர் அக்கிளியே மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் இடம் பெற்றது. மாணிக்கவாசகர் தம் திருத்தசாங்கத்திலே கிளியை விளித்துப் பாடினார். புலவர்கள் கிளியைத் தூது விட்டனர். கிழக்கிலங்கை நாட்டுப்புறக் கவிகளிலும் காதலியைக் கிளியென்றே விளிப்பதுண்டு. கிளியின் அழகு தமிழர் நெஞ்சைக் கவர்ந்தது உண்மையே. எனினும் ஒன்றை மறந்து விடலாகாது: தூது போகும் கிளிக்குச் சிறகு வேண்டும்.

மேல்நாட்டாருக்குக் கிளி இந்தியா தந்த வியப்பு. கிறித்துவுக்கு முன் 400ஆம் ஆண்டளவில் பாரசீக மன்னனின் அரண்மனை மருத்துவராயிருந்த கிரேக்கர் தெசியாசு என்பவர், மனிதரைப் போலப் பேசும் இந்தியப் பறவை ஒன்றைக் குறித்து எழுதினார். அஃது இந்திய மொழியைப் பேசும். கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்பது அவர் கூற்று. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கசும் கிளியை ஓர் அதிசயமாகவே வருணித்தான். நம் நாட்டிலும் உள்ள பெரிய கிளி இனத்தை ஆங்கிலேயர் இன்றும் அலெக்சாந்தரின் பெயராலேயே அழைக்கின்றனர்.

வியப்பு வணிகமாயிற்று, வணிகம் கொடுமையாயிற்று. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த பிளினி, இந்தியக் கிளி பேரரசனுக்கு வணக்கம் சொல்லும் என்று புகழ்ந்த அதே இடத்தில், பேசப் பழக்கும்போது அதன் தலையில் இரும்புக் கோலால் அடிப்பர் என்றும் எழுதி வைத்தார். ஒரு வாழ்த்துச் சொல்லுக்கு அப்பறவை கொடுத்த விலை அத்தகையது.

இசுலாமிய உலகிலும் கிளி பெரும் புகழ் பெற்றது. வடமொழியில் எழுந்த எழுபது கிளிக்கதைகளைத் தழுவி, 1330ஆம் ஆண்டளவில் நக்சபி என்னும் அறிஞர் பாரசீகத்தில் தூத்தி நாமா என்ற நூலை இயற்றினார். அதற்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த மௌலானா ரூமி தம் மசுனவியிலே சொல்லும் கிளிக்கதை இன்னும் ஆழமானது. வணிகன் ஒருவன் இந்துத்தானத்துக்குப் புறப்படுகிறான். தன் கூண்டுக் கிளியிடம், உனக்கு என்ன கொண்டு வரட்டும் என்று கேட்கிறான். அங்குள்ள கிளிகளிடம் என் நிலையைச் சொல் என்கிறது கிளி. அவன் சென்று சொன்னதும் அங்கே ஒரு கிளி நடுங்கி விழுந்து சாகிறது. ஊர் திரும்பி வணிகன் அதைக் கூற, கூண்டுக் கிளியும் அவ்வாறே விழுகிறது. அவன் அழுதுகொண்டே அதை வெளியே எறிய, கிளி உயிர்த்தெழுந்து பறந்து போகிறது. விடுதலைக்கு வழி எதுவென்று தூரத்துக் கிளி கற்பித்த பாடம் அது. வணிகன் கிளியிடம் அன்பில்லாதவன் அல்லன். அன்பிருந்தும் அவன் கூண்டைத் திறக்கவில்லை என்பதே அக்கதையின் முள்.

மார்க்கம் இதுபற்றி என்ன கூறுகிறது என்று நம் ஊரவர் கேட்பது இயல்பு. அனசு (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவன் சிறு பறவை ஒன்றை வைத்து விளையாடி வந்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவனிடம் அப்பறவையைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். பறவை வளர்ப்பது ஆகும் என்பதற்கு இந்நிகழ்ச்சியை அறிஞர்கள் சான்றாகக் கொண்டனர். ஆனால் அதே நபிமொழித் தொகுப்புகளில், பூனையை அடைத்து வைத்து உணவின்றிச் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளான செய்தியும் உண்டு. பயணமொன்றில் தோழர்கள் பறவைக் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவிப்பதைக் கண்ட நபியவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கக் கட்டளையிட்ட செய்தியும் உண்டு. வளர்க்க அனுமதி உண்டு. வதைக்க அனுமதி இல்லை. கூட்டிலிருந்து குஞ்சைப் பறித்து வருதல் இவற்றுள் எந்தப் பக்கத்தைச் சேரும் என்பதை நேயர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

சட்டத்தின் குரலும் உண்டு. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதன் 2009ஆம் ஆண்டுத் திருத்தமும், சில விலக்குகள் நீங்கலாக, காட்டுப் பறவைகளுக்குக் காவல் செய்கின்றன. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுக் கிளிகளைக் காக்கிறது. ஆதலின் யாரிடமிருந்தாயினும் கிளியொன்றைக் கைமாற்றிக் கொள்ளும் முன், வனசீவராசிகள் திணைக்களத்தில் விசாரிப்பதே முதற் கடமை.

இனி, நம் வீட்டைப் பார்ப்போம். பச்சைக் கிளி, நன்கு பேணினால் 25 அல்லது 30 ஆண்டுகள் கூட வாழக்கூடியது. இன்று ஐந்து வயதுப் பிள்ளைக்காக வாங்கும் கிளி, அப்பிள்ளை மணமாகிப் போன பின்னரும் அதே விறாந்தையில் இருக்கலாம். அப்போது அதனோடு பேசுவார் யார்? கிளி கூட்டமாக வாழும் பறவை. துணையின்றி நாள் முழுதும் தனித்திருந்தால், அது தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதும், ஓயாது அலறுவதும் உண்டு. சோறும் மிளகாயும் மட்டும் அதற்குப் போதிய உணவாகா. பலவகைக் காய்கனிகளும் கீரையும் வேண்டும். வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ அதற்கு நஞ்சு. நோயும் மறக்கத்தக்கதன்று. 1929, 1930ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்கக் கிளிகளிடமிருந்து பரவிய கிளிக்காய்ச்சல் பல நாடுகளில் மனிதர் உயிரைக் கொண்டு போயிற்று. கூண்டைத் தூய்மையாக வைத்தல் அழகுக்காக மட்டுமன்று.

இக்கரைக்கே உரிய கேள்வி ஒன்றும் உண்டு. 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்ததையும் கண்ட மண் இது. ஆபத்தின்போது மனிதன் ஓடுகிறான். கட்டவிழ்ந்த ஆடும் ஓடுகிறது. பூட்டிய கூண்டுக்குள் இருக்கும் பறவைக்குச் சிறகிருந்தும் பயனில்லை. அக்கதவைத் திறக்கும் கை எவருடையது என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவும் சிந்தித்த பின்னரும் ஆசை தணியவில்லையெனில், ஆசுத்திரேலியாவைச் சேர்ந்த சிறு கிளிகள் உண்டு. நம்மவர் 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைப்பது பெரும்பாலும் அவற்றையே. 1840இல் கூல்டு என்னும் அறிஞர் அவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றது முதல், தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்பவை அவை. காட்டிலிருந்து எதையும் பறிக்காமல், இரண்டாக வாங்கி, அகன்ற கூண்டில் அவற்றை வளர்க்கலாம். நெடுநாள் கூண்டிலிருந்த கிளியை வைத்திருந்தவர் பேண இயலாது தவித்தால், திணைக்களத்தின் ஆலோசனையோடு அதைப் பொறுப்பேற்பதும் அறமே. பறக்கவும் இரை தேடவும் மறந்த பறவையைத் திடீரெனத் திறந்து விடுதல் விடுதலை ஆகாது.

கிளியின் குரல்தான் வேண்டுமென்றால் அதற்கும் வழியுண்டு. வளவில் ஒரு கொய்யா மரம் நில்லட்டும். தலையிழந்த பழைய தென்னை, வீட்டுக்கு ஆபத்தில்லாத இடத்தில் நின்றால், அதை வெட்டாது விடுங்கள். அத்தகைய மரப்பொந்துகளிலேதான் கிளி குஞ்சு பொரிக்கிறது. விடியற்காலையில் அது தானே வரும். தன் மொழியிலே பேசும். வட்டையை நோக்கிப் பறந்து போகும். மறுநாளும் வரும். பிள்ளைக்கு அதைக் காட்டி, இது நம் கிளி என்று சொல்வதில் பிழையொன்றுமில்லை.