சிபாப் மெஷின் போட்டா காது அடைக்குதா? காரணம் இதுதான்

தூக்கத்தில் மூச்சு 10 விநாடி, அதற்கு மேலும்கூட, அடிக்கடி நின்று நின்று வருவதுதான் ஸ்லீப் ஆப்னியா. சிபாப் கருவி மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய முறை இது.

சரி, காது ஏன் அடைக்குது?

மூக்கின் பின்பகுதியையும் நடுக்காதையும் இணைப்பது யூஸ்டேசியன் குழாய். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இது திறக்கும். அப்போது கருவியின் காற்று உள்ளே புகுந்து செவிப்பறையை வெளிப்பக்கமாகத் தள்ளலாம். விமானம் மேலே ஏறும்போது காது அடைக்குமே, அதே கதைதான். சளி, அலர்ஜி இருந்தால் குழாய் வீங்கி, போன காற்று எளிதில் வெளியேறாது.

என்ன செய்யலாம்?

• மூக்கடைப்பு இருந்தால் உப்புநீர் ஸ்பிரே, கருவியில் ஹியூமிடிஃபையர் உதவும்.

• அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்கும். நீங்களே மாற்றாதீங்க, டாக்டரிடம் சொல்லி மாற்றுங்க.

• கடும் வலி, சீழ், தலைசுற்றல், கேட்கும் திறன் குறைவு என்றால் உடனே இ.என்.டி. மருத்துவரைப் பாருங்க.

அதுக்காக மெஷினையே நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். காது அடைப்பை பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். சிகிச்சை இல்லாத ஆப்னியாவோ ரத்த அழுத்தத்தை ஏற்றும், வண்டி ஓட்டும்போது கண்ணைச் சொக்க வைக்கும்.